ஆறு நாள் ஓடிய படத்தின் மூன்றாம் பாட்டு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் இவரும் சுகம். அங்கே நீ, அண்ணி, பேத்தி மூவரும் சுகம்தானே? முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக அண்ணி போன முறை எழுதியிருந்தார். நீ கேட்டிருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சமாசாரம். போன ஞாயிற்றுக்கிழமை தையல் மெஷினுக்கு பெல்ட் தேடி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய சாமான் கடைக்குப் போனேன். ஒற்றைச் செருப்பு முதல் ஓடாத கடிகாரம் வரை அங்கே இல்லாதது இல்லை. கேட்ட பெல்ட் மட்டும் இல்லை. திரும்பும்போது ஒரு அட்டைப்பெட்டி காலை இடறியது. உள்ளே இசைத்தட்டுகள். மேலாகவே இருந்தது உன் படத்தின் தட்டு. உன் படம் என்றால், நீ முதன்முதலில் ஒலிப்பதிவு உதவியாளனாக வேலை பார்த்தாயே, அந்தப் படம். வசனமே கிடையாது, எல்லாம் பாட்டுதான். கதாநாயகனுக்குப் பல் வலித்தாலும் பாடுவான், யாராவது கதவைத் தட்டினாலும் பாடுவான் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஆறே நாளில் தியேட்டரை விட்டு ஓடியது.

"இதை எவனும் சீண்ட மாட்டாம்மா, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். எடுத்து வந்துவிட்டேன். கீழ்வீட்டு ரேடியோ மெக்கானிக் தன் பிளேயரில் போட்டுக் காட்டினார். முதல் பக்கம் முழுக்கக் கேட்டேன். மூன்றாவது பாட்டை மட்டும் நாலு தடவை போடச் சொன்னேன். இவரும் கூட இருந்தார். "யாரு இது, இவ்வளவு நல்லாப் பாடுது?" என்று கேட்டார். அட்டையைத் திருப்பிப் பார்த்து, பெரிய பாடகியின் பெயரைச் சொன்னேன்.

அந்த மூன்றாவது பாட்டை யார் அண்ணா பாடியது? அட்டையில் பெயர் இருக்கிறது, எனக்கும் கண் தெரிகிறது. ஆனாலும் பதிவு நடந்த அறையில் இருந்தவன் நீ. நீ சொல்லிக் கேட்க ஆசை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை

*

பிப்ரவரி 2

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் எல்லோரும் நலம். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை, நான் டாக்டர் பேச்சைக் கேட்பதில்லை, கணக்குச் சரியாகிவிட்டது.

எந்தக் குப்பையை எங்கே போய்க் கிளறினாய்! அந்தத் தட்டு இன்னும் உலகத்தில் இருக்கிறதா? நீ கேட்டதற்குப் பதில் அட்டையிலேயே இருக்கிறதே. பெரிய பாடகிதான் பாடினார். நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்: அன்றைக்கு அவருக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். தோளில் போர்வையோடு வந்து நின்று, ஒரே டேக்கில் பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். பேத்தியின் பள்ளிக்கூடத்தில்கூட இதைச் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

இதில் வேடிக்கையைக் கேள். இந்தப் படத்துப் பாட்டுக்கு இப்போது கிராக்கி வந்திருக்கிறதாம். ஒரு இசைத்தட்டுக் கம்பெனிக்காரம்மா தேடிப் பிடித்து எனக்கு எழுதியிருக்கிறார். தட்டை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். படத்தில் வேலை செய்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான் என்பதால், அட்டையின் பின்பக்கத்துக்கு என்னைத்தான் எழுதச் சொல்கிறார். ஆறு நாள் ஓடிய படத்துக்கு இப்படி ஒரு யோகம்.

ஆலையில் வேலை எப்படி? இன்னும் துணி வெட்டுமேசையில்தானா? கண்ணைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்தேன்.

நீ மறந்திருக்கலாம், நான் எழுதுகிறேன். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாட்டுக்கு ஒத்திகைக் குரல் பாட என்னைத்தான் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாய். நன்றாக வந்தால் உன் குரலையே வைத்துக்கொள்வார்கள் என்றாய். பாடினேன். மறுநாள், எடுபடவில்லை என்றாய். படத்தை நான் பார்க்கவில்லை. எந்த ரேடியோவும் பாட்டைப் போடவில்லை. அதனால் இந்த ஜனவரி வரைக்கும் அது என் காதில் விழவே இல்லை.

இப்போது விழுந்துவிட்டது. இரண்டாவது சரணத்தில் "கதவில்லா வீட்டுக்குக் காவலிருந்தேன்" என்று ஒரு வரி. தட்டில் பாடுகிறவள் "காவ" என்று பாடி, ஒரு மூச்சு வாங்கி, அப்புறம் "லிருந்தேன்" என்கிறாள். பாட்டுத் தெரிந்த எவளாவது அந்த இடத்தில் மூச்சு வாங்குவாளா?

சின்ன வயதில் எனக்கு எங்கே மூச்சு விடுவது என்று பிடிபடாது. நீ எதிரே உட்கார்ந்து ஒரு பென்சிலைத் தூக்கிப் பிடிப்பாய். பென்சில் கீழே இறங்கினால்தான் நான் மூச்சு வாங்க வேண்டும். நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஏற்பாடு அது. ஸ்டூடியோவிலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ பென்சிலோடுதான் நின்றாய். சரியாக அந்த வரியில் யாரோ உன் முழங்கையை இடித்தார்கள். பென்சில் நழுவியது. நானும் பழக்கிவைத்த கிளிப்பிள்ளை மாதிரி மூச்சு வாங்கிவிட்டேன். பாட்டு முடிந்ததும் நாம் இருவரும் சிரித்தோம்.

பெரிய பாடகிக்கு நீ எப்போது பென்சில் காட்டினாய்?

உன் தங்கை

*

மார்ச் 15

அண்ணாவுக்கு,

நலம். ஐந்து வாரமாயிற்று. தபால் தொலைந்துவிட்டது என்று மட்டும் எழுதாதே. பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன், உன் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

தங்கை

*

மார்ச் 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் அண்ணனுக்கு ஒரு மாதமாக ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்துதான் இப்படி என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டால், "அது எங்க வீட்டு விஷயம்" என்கிறார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் ஆன பிறகும் இது எனக்கு எந்த வீடு என்று தெரியவில்லை.

அந்தப் படத்துப் பேச்சை மட்டும் இனி எடுக்காதீர்கள். அவருக்கு அது ராசியில்லை. ஊரெல்லாம் அதன் பெருமையைப் பேசுவாரே தவிர, அந்த இசைத்தட்டு எங்கள் அலமாரியில் உறை பிரிக்காமல்தான் கிடக்கிறது. ஒரு நாள்கூட அவர் அதைப் போட்டுக் கேட்டதில்லை. ஒருமுறை நான் போடப் போனேன். கையிலிருந்து பிடுங்கி வைத்தார்.

உங்கள் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அண்ணி

*

ஏப்ரல் 19

அன்புள்ள தங்கைக்கு,

இப்போது பரவாயில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உப்பைக் குறைத்தாகிவிட்டது, இனிக் குறைப்பதற்கு ஆயுள்தான் பாக்கி.

நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். ஒலிப்பதிவில் எத்தனையோ நடக்கும். ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப்பைச் சேர்ப்போம், பின்னணியில் நாலு குரல் வைப்போம். உன் ஒத்திகைக் குரலில் ஒரு வரி, அரை வரி அதில் கலந்து போயிருக்கலாம். வேண்டுமென்று யாரும் செய்ததில்லை. அந்தக் காலத்து அவசரம் அப்படி. அரை வரிக்காக இவ்வளவு மனவருத்தம் எதற்கு?

இந்த வயதில் நமக்கு வேண்டியது நிம்மதி. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

ஏப்ரல் 25

அண்ணாவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை உனக்கு இன்னும் கைவரவில்லை. அரை வரியாம். பல்லவியின் முதல் எழுத்திலிருந்து கடைசிச் சரணம் வரைக்கும் நான்தான். மெக்கானிக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரே குரல்தாங்க. பின்னாடி வேற யாருமே இல்லை."

எனக்குக் கோபம் பாட்டைப் பற்றியது அல்ல. ஸ்டூடியோவுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துகிற இடத்தில், நீ சொன்னதைப் பற்றியது. உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் இருக்கிறது. "உன் குரலை மைக் ஏத்துக்கலம்மா. கேட்டவங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க. இனிமே எங்கயும் பாடி அசிங்கப்படாதே." எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதோடு வாயை மூடினேன். ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பாடுவார்கள். நான் மேசையில் தாளம் போடுவேன். என் மகளை ரேடியோதான் தூங்க வைத்தது. பக்கத்தில் படுத்திருந்தும் நான் ஒரு வரி முனகியதில்லை. பிள்ளையும் சிரித்துவிடும் என்று பயம். அதற்கப்புறம் கட்டிக்கொண்டு முப்பத்து மூன்று வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனுக்குத் தட்டில் பாடுகிறவள் தன் பெண்டாட்டி என்று தெரியவில்லை. தெரிவதற்கு அவர் எப்போது கேட்டிருக்கிறார்?

அந்தப் பாட்டு எடுபட்டுத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னாய்? "இந்தத் தடவை கிடைக்கலை" என்று சொல்லியிருந்தால் போதாதா? "இனிமே எங்கயும்" என்று ஏன் சொன்னாய்?

தங்கை

*

ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு மாதமாக எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஏழாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுகிறேன்.

நீதான் பாடினாய். முழுப் பாட்டும்.

பெரிய பாடகி மற்ற பாட்டுகளைப் பாடினார். இந்த ஒன்று அவருக்கு மேலே எட்டவில்லை. மூன்று தரம் முயன்றுவிட்டுக் கோபமாகக் கிளம்பிப் போய்விட்டார். காய்ச்சலும் இல்லை, போர்வையும் இல்லை. அது நானாகக் கட்டியது. சொல்லிச் சொல்லி எனக்கே அவர் போர்வையின் நிறம் நினைவுக்கு வர ஆரம்பித்துவிட்டது. ஸ்டூடியோவில் தேதி முடிந்துவிட்டது. படத்து முதலாளி உன் டேப்பைக் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். "இதையே வெச்சிக்கலாம். பேரு மட்டும் அவங்க பேரு. அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். உன் தங்கச்சி காதுக்குப் போகக் கூடாது" என்றார். தலைமை ஒலிப்பதிவாளர் அந்த மாதம்தான் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த நாற்காலியை எனக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார். தலையை ஆட்டினேன். யாரும் சிரிக்கவில்லை அம்மா. நீ பாடி முடித்தபோது வயலின்காரர்கள் வில்லால் ஸ்டாண்டைத் தட்டினார்கள். கண்ணாடிக்குள் இருந்ததால் உனக்குக் கேட்கவில்லை.

"இனிமே எங்கயும்" என்று ஏன் சொன்னேன் என்று கேட்டிருக்கிறாய். இதை எழுதத்தான் இத்தனை நாளாயிற்று. படம் ஓடும், பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கும் என்று எல்லோரும் நம்பினோம். அப்புறம் நீ ஒரு கல்யாண வீட்டில் பாடினால்கூடக் குரல் காட்டிக்கொடுத்துவிடும். என் நாற்காலி போய்விடும். அதனால் நீ பாடவே கூடாது என்று நினைத்தேன்.

ஆறு நாள். ஏழாம் நாள் சுவரொட்டியைக் கிழித்தார்கள். அன்றைக்காவது உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். ஓடாத படத்துக்காகவா உன் குரலை அடைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் வருஷக்கணக்கில் நீண்டுவிட்டது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. பேத்தி கண்ணில் என்றைக்காவது படக் கூடாது.

அண்ணன்

*

ஜூலை 6

அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்கப் படுத்திருந்தேன். இவர் ஜுரம் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நேரே கீழே போய், மெக்கானிக்கிடமிருந்து பிளேயரைத் தூக்கி வந்துவிட்டார். இப்போது தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "அட்டையில எவ பேரோ இருக்கும், பாடினது எங்க வீட்டுக்காரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மனுஷனுக்கு வயது பத்துக் குறைந்துவிட்டது.

உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். புதுத் தட்டின் அட்டைக்கு எழுதப் போகிறவன் நீதான். ஒரு வரி எழுது. மூன்றாவது பாட்டைப் பாடியது இன்னார் என்று என் பெயர். உன்னைத் திட்டி ஒரு சொல் வேண்டாம். ஏன் எப்படி என்ற விளக்கமும் வேண்டாம். அந்த நாற்காலியிலிருந்து நீ ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. இனி யார் வந்து பிடுங்கப் போகிறார்கள்?

தங்கை

*

ஜூலை 20

அன்புள்ள தங்கைக்கு,

எழுதுகிறேன். சத்தியமாக எழுதுகிறேன். அடுத்த வாரம் கம்பெனிக்குத் தாளை அனுப்ப வேண்டும். உன் பெயர்தான் முதல் வரி. நான் கேட்டதை நீ செய்துவிட்டாயா?

அண்ணன்

*

அக்டோபர் 21

அண்ணாவுக்கு,

புதுத் தட்டு வந்துவிட்டது. கடைக்கு வந்த அன்றே இவர் போய் மூன்று வாங்கி வந்தார்: எங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மெக்கானிக்குக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட்டம். என் மேசைப் பெண்கள் ஆறு பேர் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். இருக்கிற நாற்காலி போதாமல் கீழ்வீட்டிலிருந்து வாங்கினோம். இவர் நடுக்கூடத்தில் நின்று அட்டையின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

"மூன்றாவது பாட்டை அவர் காய்ச்சலோடு வந்து ஒரே டேக்கில் பாடினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்." கீழே உன் பெயர்.

இவருக்குப் புரியவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் சின்ன எழுத்தில் நன்றி சொல்லியிருக்கிறாயே, அதிலும் தேடினார். ஸ்டூடியோ வாட்ச்மேன் பெயர்கூட இருக்கிறது. வெட்டுமேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவள் மெதுவாக, "அக்கா, உங்க பேரு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள். கேலி இல்லை, அவள் நல்லவள். "அண்ணன் மறந்துட்டார் போல" என்றார் இவர். அப்புறம் யாரும் பாட்டைப் போடச் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாள் ஆலையில் எல்லோரும் என்னிடம் ரொம்ப அன்பாக இருந்தார்கள். புத்தி பேதலித்தவளிடம் இருப்பார்களே, அந்த அன்பு.

காட்டுவதற்கு நீ ஒப்புக்கொண்டு எழுதிய கடிதமும் இல்லை. எழுதுகிறேன் என்ற உன் சத்தியம் வந்து சேர்ந்த அன்றே கிழித்துவிட்டேன். நீ கேட்டாய் என்பதற்காக.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. முதல் தடவை பொய் சொன்னதற்கு உனக்கு நாற்காலி கிடைத்தது. இந்தத் தடவை என்ன கிடைத்தது?

*

டிசம்பர் 12

அன்புள்ள தங்கைக்கு,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு அருகதை இல்லை. கை பழக்கத்தில் எழுதுகிறது.

அட்டைக்கு முதலில் உன் பெயரைத்தான் எழுதினேன். கம்பெனிக்காரம்மா வந்து உட்கார்ந்து, "அந்தக் காய்ச்சல் கதையை உங்க வாயால சொல்லுங்க சார், அதுக்காகத்தான் இந்தத் தட்டே" என்றார். பேத்தி பக்கத்தில் இருந்தாள். "தாத்தா சூப்பராச் சொல்வாரு" என்றாள். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். உன் பெயர் எழுதிய தாள் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

உன் கடிதம் வந்த பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. தட்டு நன்றாக விற்கிறது என்று போன வாரம் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். இருநூறு பேர் இருக்கும். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் உன் அண்ணியும் பேத்தியும். இன்றைக்கு மைக்கில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, இழுப்பறையில் இருந்த அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். உன் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

என்னைப் பேசக் கூப்பிடும் முன்பு மூன்றாவது பாட்டைப் போட்டார்கள். முழுப் பாட்டையும். முப்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நான் அதைக் கேட்டேன். ஒருத்தரும் அசையவில்லை. பாட்டு முடிந்தது. அப்புறம் இருநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கம்பெனிக்காரம்மா மேடையிலிருந்து என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தட்டினார்கள். பேத்தி அழுதுகொண்டே தட்டினாள்.

என்ன கிடைத்தது என்று கேட்டாய். தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே நான் எழுந்து நின்றேன். அவர்கள் தட்டி முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன்.

அண்ணன்